கையில் காசில்லை, கோர்ட்டில் வழக்கு: இலவச சட்ட உதவியைப் பெறுவதற்கான முழு வழிகாட்டி

இருவருக்குள் ஒரு வழக்கு. ஒருவர் வாய்தாவுக்கு வக்கீலை அனுப்பிவிட்டுத் தன் கடையைப் பார்க்கிறார். மற்றவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, மதியம் வரை கோர்ட் வராந்தாவில் நின்று, "அடுத்த மாதம் 14" என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். ஆறாவது வாய்தாவில் யார் பாதித் தொகைக்குத் தலையாட்டுவார் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

பண ஏற்றத்தாழ்வு கோர்ட்டுக்குள் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. நான் பார்த்தவரை, கட்டணம் கட்ட முடியாமல் தோற்றவர்களைவிட நாளைத் தவறவிட்டுத் தோற்றவர்களே அதிகம். நோட்டீஸ் வந்ததும் பயந்து பரணில் போட்டவர்கள், வக்கீலுக்குப் பணம் சேரட்டும் என்று 4 மாதம் காத்திருந்தவர்கள். அந்தப் பணம் பல வழக்குகளில் தேவையே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுவோம். பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்ற 39-ஏ பிரிவு 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. 1979-இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கு வந்தது. பீகார் சிறைகளில் விசாரணையே முடியாமல், குற்றம் உறுதியானால் கிடைக்கும் தண்டனையைவிட நீண்ட காலம் கிடந்தவர்களின் வழக்கு அது. இலவச சட்ட உதவி, உயிர் வாழும் உரிமையான 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. பிறகு 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9-இல் அமலுக்கு வந்தது. ஏழைகளுக்கான சட்டத்துக்கே 8 ஆண்டு வாய்தா.

ஆக, இது யாரும் போடும் பிச்சை அல்ல. கூனிக் குறுகாமல் போய்க் கேளுங்கள்.

படி 1: முதலில் தேதியைக் கண்டுபிடியுங்கள்

வக்கீலைத் தேடுவதற்கு முன், கையில் வந்த காகிதம் எது, எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதைக் குறியுங்கள். தபாலில் வந்திருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். முத்திரை தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கெடு எல்லா வழக்குக்கும் ஒன்றல்ல. சிவில் வழக்கில் சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது உங்கள் பதிலை, தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். உங்களுக்கு யாராவது கொடுத்த செக் திரும்பிவிட்டதா? வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அவருக்குக் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்குப் பொதுவாக 3 ஆண்டு. நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு. சாலை விபத்து இழப்பீட்டுக்கு 2019 திருத்தம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. "காயம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று உட்கார நேரமில்லை. சிவில் தீர்ப்பின் மீது மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள்.

அமீனாவோ தபால்காரரோ வந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. மறுத்ததையே கொடுத்ததாக எடுத்துக்கொண்டு, நீங்கள் இல்லாமலே வழக்கு நடந்து எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யத் தனி மனு, தனி அலைச்சல்.

கடன் விஷயத்தில் இன்னொன்று. வெற்று புரோநோட்டிலோ வெற்று செக்கிலோ கையெழுத்துப் போட்டிருந்தால் அதை மறைக்காமல் வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் தனிச் சட்டமே வந்தது. அதன்படி கந்துவட்டி வாங்குவது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம் என்ற கணக்கு உங்களிடம் இல்லாவிட்டால் அந்தச் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும். வட்டி கட்டிய ஒவ்வொரு தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ரொக்கத்தை விட்டு வங்கி வழியாகக் கட்டுங்கள்.

படி 2: உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

இங்கேதான் பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொண்டு திரும்பிவிடுகிறார்கள். "நாங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இல்லையே" என்பார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் வருமானம் என்பது பல வாசல்களில் ஒன்று மட்டும்தான். கீழே உள்ளவர்களுக்கு வருமானக் கணக்கே கிடையாது:

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமை வேலைக்கோ ஆளானவர்கள், சாதி வன்கொடுமை, வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள்.

அரசு வேலையில் இருக்கும் பெண்ணும் இலவச வக்கீல் கேட்கலாம். கணவரின் சம்பளத்தைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. குடும்ப வழக்குகளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டின் பணமெல்லாம் ஒருவர் கையில் இருக்க, வழக்கோ அவர் மீது.

இந்த வகை எதிலும் வராதவர்களுக்கு மட்டுமே வருமான வரம்பு. அதை ஒவ்வொரு மாநிலமும் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், உச்ச நீதிமன்ற வழக்கு என்றால் 5 லட்சம். வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸில் வாரக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. வருமானத்தைச் சொல்லி நீங்களே கொடுக்கும் பிரமாணப் பத்திரம், அதை நம்பாமலிருக்கக் காரணம் இல்லாதவரை, போதுமானதாகக் கொள்ளப்படலாம் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. "சான்று வரட்டும், பிறகு வா" என்றால் இந்தப் பிரிவைப் பணிவாக நினைவுபடுத்துங்கள்.

தகுதியோடு இன்னொன்றும் பார்ப்பார்கள். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்பது. அண்டை வீட்டாரைச் சும்மா அலைக்கழிக்க அரசு செலவில் வக்கீல் கிடைக்க மாட்டார்.

படி 3: எங்கே போவது?

மாவட்டத் தலைநகரில், நீதிமன்ற வளாகத்துக்குள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். அதற்குத் தலைவர் மாவட்ட நீதிபதி. தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு. உயர் நீதிமன்ற வழக்குக்குச் சென்னையிலும் மதுரையிலும் தனிக் குழுக்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதுக்கும் ஒரே எண்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் "என்ன கேஸ்?" என்று சிலர் பின்னாலேயே வருவார்கள். பேச்சு கொடுக்காமல் நேரே அலுவலகத்தைக் கேட்டுப் போங்கள். அங்கே சட்டத் தன்னார்வலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுதத் தெரியாவிட்டால் மனுவை அவர்களே எழுதித் தருவார்கள்.

படி 4: மனு

வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். சட்ட வார்த்தை ஒன்றும் வேண்டாம். பெயர், முகவரி, எந்த வகையில் உங்களுக்குத் தகுதி, எதிர்த்தரப்பு யார், என்ன நடந்தது, அடுத்த கெடு எது, உங்களுக்கு என்ன வேண்டும். இவ்வளவுதான். நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள். "2021 மார்ச்சில் வீட்டை எழுதி வாங்கினார்கள், ஜூனில் மின் இணைப்பைத் துண்டித்தார்கள்" என்பதுபோல ஒரு வரிக்கு ஒரு சம்பவம். பத்துப் பக்கக் கண்ணீரைவிட ஒரு பக்கத் தேதிப்பட்டியல் வக்கீலுக்கு உதவும். கெடு நெருங்கியிருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதி அடிக்கோடு போடுங்கள்.

ஆதார் நகல், சாதிச் சான்றோ மாற்றுத் திறனாளி அட்டையோ இருந்தால் அதன் நகல், வந்த நோட்டீஸ் அல்லது சம்மன். எதிலும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். உங்கள் நகலில் பெற்றதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். முத்திரை இல்லையென்றால், பின்னால் நீங்கள் போகவே இல்லை என்றும் ஆகிவிடும்.

மனு மீது உடனடியாக, அதிகபட்சம் 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது தேசிய ஆணைக்குழுவின் 2010 ஒழுங்குமுறை விதி. மறுத்தால் ஆணைக்குழுத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதனால் வாய்மொழி மறுப்பை ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள்.

ஏற்றுக்கொண்டால் வக்கீல் மட்டும் கிடைப்பார் என்று நினைக்காதீர்கள். கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பும் படி, தீர்ப்பின் சான்றிட்ட நகல், மேல்முறையீட்டுக் கட்டு தயாரிப்பு, அதற்கான மொழிபெயர்ப்பு எல்லாமே இதில் அடங்கும். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். 2017 வரை ஏழரை சதவீதமாக இருந்தது. 10 லட்சத்துக்கு வழக்குப் போட 30,000 ரூபாய் என்றால், இந்த உதவியின் மதிப்பு புரியும்.

ஆணைக்குழு வழியாகப் போகாமல் சொந்த வக்கீல் வைத்திருப்பவருக்கும் கட்டணத்துக்கு ஒரு வழி உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளையில் வறியவராக வழக்குத் தொடர அனுமதி கேட்கலாம். பழைய குமாஸ்தாக்கள் இதைப் 'பாப்பர் ஓ.பி.' என்பார்கள். ஆனால் இதில் கட்டணம் தள்ளுபடியாவதில்லை, தள்ளிப்போகிறது. வழக்கு முடிந்ததும் யார் கட்ட வேண்டுமென்று கோர்ட் சொல்லும்.

படி 5: வக்கீல் கிடைத்த பிறகு

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் நடத்துவார் என்ற பேச்சு உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பொறுப்பாக நடத்துபவரும் உண்டு, வாய்தா வாங்குவதோடு சரி என்பவரும் உண்டு. காசு கொடுத்து வைக்கும் வக்கீல்களிலும் அப்படித்தானே? வித்தியாசம் என்னவென்றால், காசு கொடுத்தவர் போன் போட்டுக் கேட்கிறார். இலவசம் என்றதும் நாம் கேட்கத் தயங்குகிறோம். கேளுங்கள்.

முதல் சந்திப்பிலேயே சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள 16 எழுத்து அடையாளம் அது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடைசி வாய்தாவில் என்ன நடந்தது என்பது வீட்டிலிருந்தே தெரியும். வாய்தா தேதி கேட்பதற்காக மட்டும் ஒரு நாள் கூலியை விட வேண்டாம். எந்தத் தேதிக்கு நேரில் வந்தே ஆக வேண்டும், எதற்கு வராமலிருக்கலாம் என்று வக்கீலிடம் முன்கூட்டியே கேளுங்கள். சிவில் வழக்கில் சாட்சி சொல்லும் நாள் தவிர மற்ற பல நாட்களுக்கு வக்கீல் போனால் போதும். கிரிமினல் வழக்கில் அந்தத் துணிச்சல் கூடாது. சொல்லாமல் போகாவிட்டால் வாரண்ட் வரும்.

ஆணைக்குழு அமர்த்திய வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா படி என்று எந்தப் பெயரிலும் கூடாது. கேட்டால் தேதியோடு ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதுங்கள். வழக்கைக் கவனிக்கவில்லை என்றாலும் வக்கீலை மாற்றித் தரச் சொல்லலாம். அதற்கும் மனு, அதற்கும் முத்திரை.

படி 6: கைது என்றால்

ஏழைக்கும் வசதியானவருக்கும் இடையிலுள்ள தூரம் மிக அப்பட்டமாகத் தெரிவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. எண்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம்.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும் அந்த முதல் நிமிடமே இலவச வக்கீல் கேட்கும் நேரம். கத்ரி வழக்கில் 1981-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது, உரிமை இருப்பதை மாஜிஸ்திரேட்டே எடுத்துச் சொல்ல வேண்டும். 1986-இல் சுக் தாஸ் வழக்கில் அப்படிச் சொல்லாததால் தண்டனையே ரத்தானது. ரிமாண்டுக்கென்றே ஆணைக்குழு வக்கீல்கள் உண்டு. பல மாவட்டங்களில் கிரிமினல் வழக்கு மட்டுமே பார்க்கும் முழுநேர எதிர்வாத வக்கீல்களும் இருக்கிறார்கள். கைதானவர் வாய் திறக்கும் நிலையில் இல்லையென்றால் வீட்டில் இருப்பவர்கள் 15100-க்கு உடனே அழையுங்கள்.

அடுத்தது ஜாமீன். ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் எல்லாச் சிறையிலும் உண்டு. காரணம், சொத்துள்ள இரண்டு ஜாமீன்தாரர்களைக் கொண்டு வர முடியாதது. 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார் ஒரு மாஜிஸ்திரேட். அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். உச்ச நீதிமன்றம் தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்து, சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னது. இன்றைக்கும் யாராவது வெளிமாவட்ட ஜாமீன்தாரரை மறுத்தால் வக்கீல் எடுத்துக்காட்ட வேண்டிய தீர்ப்பு அது.

இன்று கையில் உள்ள வழிகள் இவை. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், அவர் வறியவர் என்றே கொண்டு ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 478-ஆம் பிரிவு. மற்ற குற்றங்களில், ஜாமீன் கிடைத்து 7 நாளாகியும் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மாதம் கடந்தால் நிபந்தனையைத் தளர்த்தக் கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. அவர்கள் தெரிவிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். எட்டாம் நாள் காலை ஆணைக்குழு அலுவலகத்தில் மனுவோடு நில்லுங்கள்.

பணமே தடை என்றால், 2023-இல் வந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஒரு வரம்பு வரையும், அபராதம் கட்ட முடியாமல் சிறையில் இருக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் அரசே கட்ட வழியிருக்கிறது, சில கடுமையான குற்றங்கள் நீங்கலாக.

நாளையும் எண்ணிக்கொண்டே இருங்கள். முன்பு தண்டனையே பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் 479-ஆம் பிரிவு அவரை வெளியே விடச் சொல்கிறது. மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. புதிய சட்டத்துக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நீங்கள் புகார்தாரர் என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

படி 7: சமரசம், கண்ணைத் திறந்துகொண்டு

நாள் கூலிக்காரருக்கு வேகமாக முடிவது பெரிய லாபம். ஆணைக்குழு நடத்தும் சமரச மேடையான மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லை. ஏற்கெனவே கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வழக்குப் போடாமலேயே ஆணைக்குழுவில் மனு கொடுத்து எதிர்த்தரப்பைப் பேச அழைக்கலாம். சம்பள பாக்கி, சிறு கடன், ஜீவனாம்சம் போன்றவற்றுக்கு இதுவே முதல் வழி என்பேன்.

ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அது சிவில் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. விபத்து இழப்பீட்டில் காப்பீட்டு நிறுவனம் சொல்லும் முதல் தொகைக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்கை முதல் நாளே பார்த்துவிடுங்கள். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள், இனி குறையப் போகும் வருமானம் எல்லாவற்றையும் கூட்டி, இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற தொகையைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "இன்றைக்கு முடித்துவிடலாமே" என்று யார் அவசரப்படுத்தினாலும் யோசிக்க நேரம் கேட்கலாம். சம்மதம் இல்லாமல் அங்கே எதையும் முடிக்க முடியாது, வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே திரும்பும்.

மின்சாரம், குடிநீர், போக்குவரத்து, தபால், தொலைபேசி, மருத்துவமனை, காப்பீடு போன்ற சேவைகளில் பிரச்சினை என்றால் நிரந்தர மக்கள் நீதிமன்றம். இங்கே 1 கோடி ரூபாய் வரை கோரலாம், சமரசம் ஆகாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லும். பொருள் வாங்கி ஏமாந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

படி 8: தீர்ப்பு வந்த பிறகு

ஜெயித்தவர் கைக்குப் பணம் தானாக வராது. எதிர்த்தரப்பு கட்டாவிட்டால் நிறைவேற்று மனுப் போட வேண்டும். சாதாரண சிவில் தீர்ப்புக்கு அதற்கு 12 ஆண்டு அவகாசம் உண்டு. இதற்கும் ஆணைக்குழு வக்கீலையே கேட்கலாம். புதிதாக மனு கொடுக்கும்போது பழைய உத்தரவு எண்ணைக் குறிப்பிட்டால் வேலை சுலபம்.

ஜீவனாம்ச பாக்கிக்கு மட்டும் அந்த 12 ஆண்டுக் கணக்கை நம்பிவிடாதீர்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட தொகைக்கு வாரண்ட் கேட்க, ஒவ்வொரு மாதத் தொகையும் கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுதான். மூன்று மாதம் பணம் வரவில்லை என்றதும் மனுப் போட்டுவிடுங்கள். "பிள்ளைக்கு ஸ்கூல் திறக்கட்டும், தீபாவளி போகட்டும்" என்று தள்ளினால், ஓராண்டைத் தாண்டிய ஒவ்வொரு மாதமும் வாரண்டுக்கு எட்டாமல் போகும்.